மல்லாட்டை எண்ணெயும் டீசல் வண்டியும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட பெருஞ்சாலையில் ஒரு நாழிகைப் பொழுது நின்று நோக்குவார், சிறிய பிக்கப் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுதலைக் காண்பர். மரக்காணத்து உப்பும், வயற்புறத்துக் காய்கறியும், விற்பனைக்கூடத்தை நாடிச் செல்லும் நிலக்கடலை மூட்டையும் இவ்வண்டிகளாலேயே ஊர்விட்டு ஊர் சேர்கின்றன. இவற்றுட் பலவற்றிற்கு உரியவரும் ஓட்டுநரும் ஒருவரே. வண்டியைக் கடன்பட்டு வாங்கி, மாதந்தோறும் தவணை கட்டி, எஞ்சியதைக்கொண்டு குடும்பம் நடத்துவோர் அவர். அன்னாருடைய நாட்செலவில் முதலிடம் பெறுவது டீசலே. ஆதலின், டீசலுக்கு மாற்றாக மலிவான எண்ணெய் ஒன்றை ஊற்றினால் என்ன என்னும் வினா அவருள்ளத்தே எழுதல் இயல்பு. அதனை நகைத்துத் தள்ளுதல் முறையன்று. ஆராய்ந்து விடை காண்டலே கற்றோர் கடன்.

இவ்வெண்ணம் புதியதுமன்று. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சியிலே, ருடால்ஃப் டீசல் என்னும் அறிஞர் கண்ட எஞ்சின் வகையைச் சார்ந்த சிறியதொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பெற்றது. 1912-இல் டீசலே இதனை எடுத்துரைத்தார். நிலக்கடலையோ எம் நாட்டுப் பயிர். மல்லாட்டை என்பது எம்மவர் அதற்கு வழங்கும் பெயர். பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் விளைந்த கடலை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறையினின்று கப்பலேறிப் பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரம் சென்றது. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. வகைகளை உழவர் நன்கறிவர். அவற்றுட் புகழ்பெற்ற டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-இல். 'மல்லாட்டை விளையும் மண்ணிலிருந்துகொண்டு டீசலுக்குக் கையேந்துவானேன்?' என ஒருவர் கேட்பின், அக்கேள்வி நியாயமாகவே தோன்றும்.

தோன்றுமேயன்றி நிலைபெறாது. கடலையெண்ணெயின் விலை டீசலின் விலையினும் மிக உயர்ந்தது. உண்பதற்குரியதை எரிப்பதும் நாட்டிற்கு நலமன்று. எனவே சிக்கனம் நாடுவார் கண் செல்லுமிடம், உணவகங்களிற் பொரித்துக் கழித்த எண்ணெய். அதனை வடிகட்டி வண்டியில் ஊற்றலாம் என்பார் உளர். வயலில் நீரிறைக்கும் பழைய எஞ்சின் அதனைக் குடித்து ஓடுகிறதே என்று சான்றும் காட்டுவர். அவ்வெஞ்சின் மெல்லச் சுழல்வது. அதன் உறுப்புகள் தடித்தவை. இக்காலத்துப் பிக்கப் வண்டியின் எஞ்சினோ வேறு. வளிமண்டல அழுத்தத்தினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியாக டீசலைத் தூவுவது அது. தாவர எண்ணெய் டீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கு கொழகொழப்பு உடையது. அது வடிகட்டியை அடைக்கும். தூவுந்துளைகளிற் கரிபடியச் செய்யும். எஞ்சின் ஆயிலிற் கலந்து அதனையும் கெட்டியாக்கும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்த வண்டிகளிற் புகைக்குழாயிலுள்ள வடிப்பான்களும் இதனாற் பழுதுபடும்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 10 லிட்டர் எரிக்கும் வண்டிக்கு, லிட்டருக்கு 20 ரூபாய் மிச்சமாவதாகவே கொள்வோம். மாதத்தில் 25 நாள் ஓடினால் 5,000 ரூபாய் கைக்கு வரும். ஆனால் அழுத்தப் பம்பும் தூவியும் கெட்டுவிடின், பல மாதத்து மிச்சம் ஒரே நாளிற் கரைந்துவிடும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வாடகை இல்லை, தவணை மட்டும் நிற்பதில்லை. மண்ணெண்ணெய் கலத்தலும் தீதே. டீசலின் வழுவழுப்பு அதற்கு இன்மையாற் பம்பு தேயும். சட்டத்தின் முன் குற்றமும் ஆகும்.

அங்ஙனமாயின் மாற்று எரிபொருள் வீண் கனவோ எனின், அன்று. இரண்டாம் உலகப்போரிற் பெட்ரோல் அருகியபோது, தமிழ்நாட்டு பஸ்கள் கரிவாயுவால் ஓடின. அரசினர் திட்டமிட, கம்பெனியார் கலங்களைப் பொருத்த, தொழிலாளர் அவற்றைப் பேணக் கற்றமையால் அது கைகூடிற்று. அரசினர் முயற்சி மட்டும் போதுமென்றும் யாம் சொல்லோம். 2009-ஆம் ஆண்டின் கொள்கை, 2017-க்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு தாவர டீசல் கலக்க எண்ணியது. அதற்கென நம்பி நடப்பெற்ற காட்டாமணக்கு, மானாவாரி நிலங்களில் எதிர்பார்த்த விளைவு தரவில்லை. நட்ட உழவரே நட்டமடைந்தனர். இல்லாத விளைச்சலை நம்புதலினும், உள்ள கழிவைப் பயன்படுத்தலே அறிவுடைமை.

அக்கழிவு நெடுஞ்சாலை உணவகங்கள்தோறும் உளது. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கை மிஞ்சின் அது உணவுக்கு ஆகாதென்பது 2018 முதல் நடப்பிலுள்ள விதி. அதே ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் அவ்வெண்ணெயைத் திரட்டி எரிபொருளாக்கும் திட்டத்தையும் தொடங்கினர். மெத்தனாலும் காரமும் சேர்த்துக் காய்ச்சிக் கிளிசரினைப் பிரித்துக் கழுவினால், அது தாவர டீசலாகிறது. தரம் சோதித்து, வண்டி செய்தோர் ஒப்பும் அளவில் டீசலோடு கலந்தபின் எஞ்சினுக்குத் தீங்கில்லை. ஆனால் இது ஆலையிற் செய்யத்தக்கதேயன்றி, வீட்டுத் திண்ணையிற் செய்யத்தக்கதன்று.

ஆகவே எம் கருத்து இது. வண்டிக்காரர் கழிவெண்ணெயை எரித்தன்று, ஏற்றிப் பொருளீட்டுக. டீசலில் மிகப் பெரிய விரயம் சுமையிறக்கிய வண்டி வெறுமையாய்த் திரும்புதலே. இவ்விரு நகரத்து வண்டிக்காரரும் ஒரு கூட்டுறவுச் சங்கமாக இணைந்து, திரும்பும் வழியில் உணவகத்து எண்ணெயைத் திரட்டி ஆலைக்குச் சேர்ப்பின், வெறும் பயணம் வாடகைப் பயணமாகும். கெட்ட எண்ணெய் ஏழைகள் உண்ணும் கடைச் சட்டியை அடையாது. டயரில் உரிய காற்றும், தூய வடிகட்டியும், சீரான வேகமும் இன்றே கிடைக்கும் சிக்கனங்கள்.

இதிற் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. விடுதிச் சமையற்கட்டின் எண்ணெயை அளந்து கொடுக்கலாம். இரசாயன மாணவர் அதன் தரத்தைச் சோதித்துக் கூறலாம். தமிழ் மாணவராகிய யாம் வண்டிக்காரருக்கு விளங்கும் மொழியில் இவ்வுண்மைகளை எழுதி வழங்கலாம். ஆழமறியாது காலை விட்டபின் அவருக்கு இரங்குதலினும், ஆழத்தை முன்னரே அளந்து கூறுதல் நன்றன்றோ?