மரக்காலில் மணிபிளாண்ட் வைக்கிறவர்களுக்கு

பழம்பொருள் வாங்க எங்கே போவது என்று கேட்டால், தமிழ்நாட்டில் பலரும் முதலில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைத்தான் சொல்வார்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள், கதவுகள், எனாமல் பாத்திரங்கள், பித்தளை அண்டாக்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். நம் டெல்டாவில் இடிபடும் மிராசு வீடுகளின் ஊஞ்சலும் பத்தாயமும் இப்படித்தான் ஏதாவது ஒரு கடைக்குப் போய்ச் சேருகின்றன.

அப்படி ஒரு கடையில்தான் அந்த மரக்காலைப் பார்த்தேன். இரும்புப் பட்டை போட்டது. வலங்கைமான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்ததாம். "இதுல மணிபிளாண்ட் வச்சா சூப்பரா இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். விலை 4,000 ரூபாய்.

எனக்கு என் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. வலங்கைமான் பக்கத்துச் சேரியில் பிறந்து, வயல்வேலை செய்தே வாழ்ந்து முடித்தவள். ஆண்டை வீட்டில் இரண்டு மரக்கால் உண்டு என்பாள். நெல்லை உள்ளே வாங்க ஒன்று. கூலி அளக்க இன்னொன்று. 12 மரக்கால் 1 கலம் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. களத்துமேட்டில் மரக்கால் யார் கையில் இருக்கிறதோ, கணக்கும் அவர் சொல்வதுதான்.

தோழர்களே, இந்த மண்ணில் அளவைக்காகத்தான் ரத்தம் சிந்தியிருக்கிறது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து 1940களில் பி. சீனிவாசராவோடு சேர்ந்து பண்ணையாட்கள் எழுந்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட குற்றத்துக்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தக் குடிசையிலிருந்து எந்தப் பொருளும் எந்தப் பழம்பொருள் கடைக்கும் வரப்போவதில்லை.

பழம்பொருள் வியாபாரத்தின் சூட்சுமம் இதுதான். பொருள் கடைக்கு வரும். அதன் கதையில் பாதி மட்டும் கூட வரும். பத்தாயம் என்றால் "அந்தக் காலத்து வாழ்க்கை" என்பார்கள். அதை நிரப்பியவர்கள் வாசல்படி ஏற முடியாமல் நின்றதைச் சொல்ல மாட்டார்கள். கொட்டாங்கச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த கடைகளை நம் தாத்தாக்கள் பார்த்தார்கள். இன்று பாலீஷ் போட்ட கொட்டாங்கச்சிக் கோப்பை இயற்கைக்கு உகந்த பரிசுப்பொருளாம்! அவமானத்தைக் கழுவித் துடைத்து, விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள்.

நாற்காலி விஷயமும் அப்படித்தான். தேக்கா, வேம்பா, இழைப்பு வேலை எப்படி என்று பார்த்து வாங்குகிறார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவரான பட்டியல் சமூகப் பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. தேர்தலில் வென்றவருக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இல்லாத நாட்டில், நாற்காலி வெறும் மரச்சாமானாக இருந்ததே இல்லை.

"அப்படியென்றால் வாங்கவே கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். தாராளமாக வாங்குங்கள். வைரம் பாய்ந்த மரம் நூறு வருஷம் தாங்கும். புது பிளைவுட் கட்டிலை விட, வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய தேக்கு மேல். கரையான் அரித்திருக்கிறதா, மூட்டு ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆண்டை சாய்ந்த சாய்வு நாற்காலியில் நம் பிள்ளை உட்கார்ந்து சட்டம் படிக்கட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கதையை முழுசாக வாங்கி வாருங்கள். எந்த ஊர், என்ன வேலைக்குப் பயன்பட்டது, யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஊருக்குப் போய் நம் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அமெரிக்காவில் டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினப் பேராசிரியர் இதைச் செய்து காட்டினார். கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் பொம்மைகளையும் படங்களையும் பழம்பொருள் சந்தைகளில் தேடித் தேடி வாங்கினார். அவை இன்று மிச்சிகனில் ஃபெர்ரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜிம் க்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அழகுக்காக வைக்கவில்லை. இனவெறி என்னவென்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? ஆண்டை வீட்டு மரக்காலுக்கு 4,000 ரூபாய். நம் ஆயாவின் அரிவாளுக்குப் பேரீச்சம்பழம்! அவர்கள் பொருள் பாரம்பரியம், நம் பொருள் பழைய இரும்பு. இந்த விலையைக் கடைக்காரர் மட்டும் வைக்கவில்லை. தள்ளுவண்டி வந்ததும் மூலையில் கிடந்ததைத் தூக்கிப் போட்ட நாமும் சேர்ந்துதான் வைத்தோம்.

அதனால் இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கதிர் அறுத்த அரிவாள், உலக்கை, பறை, மண்வெட்டி, கஞ்சிக்கலயம் எது இருந்தாலும் எடைக்குப் போட விடாதீர்கள். செல்போனில் படம் எடுங்கள். யாருடையது, எந்தப் பண்ணையில் உழைத்தவர், என்ன கூலி வாங்கினார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். அவர் போய்விட்டால் அந்தக் கதையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்த மரக்காலை நான் வாங்கிவிட்டேன், பேரம் பேசி 3,200 ரூபாய்க்கு. இப்போது எங்கள் தெரு இரவுப் பாடசாலை மேசையில் இருக்கிறது. பக்கத்தில் ஆயாவின் அரிவாள். பிள்ளைகள் முதலில் அரிவாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

ஜெய் பீம்.