ஐந்து வயதில் கேளுங்கள்: அண்ணப் பிளவு ஆய்வுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளை வைத்து நடக்கும் எந்த அறுவை சிகிச்சை ஆய்வும், அந்தக் குழந்தை ஐந்து வயதில் எப்படிப் பேசுகிறது என்று கேட்டுப் பதிவு செய்யாமல் முடியக்கூடாது. இதுதான் எங்கள் நிலைப்பாடு. எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் பிளவோடு பிறந்து வளர்ந்து ஆளானவர்கள், அப்படிப் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர், பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர். ஆய்வுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துத் தரச் சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும், பணம் கொடுக்கும் அறக்கட்டளைகளுக்கும், சுகாதாரத் துறைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

ஏன் பேச்சு என்கிறோம்? வல்லினம், மெல்லினம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பாகுபாட்டை அண்ணப் பிளவுள்ள பிள்ளையின் வாயில் அப்படியே கேட்கலாம். க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறும் வாய்க்குள் காற்றை அடைத்து அழுத்தினால்தான் பிறக்கும். அதற்கு மெல்லண்ணம் மேலே எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை மூட வேண்டும். அண்ணம் பிளந்திருந்தாலோ, தைத்த பிறகும் மெல்லண்ணம் குட்டையாக நின்றுவிட்டாலோ, காற்று மூக்கு வழியே போய்விடும். மெல்லின எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவை மூக்கின் துணையோடு ஒலிப்பவைதானே. ஆகவே ‘அம்மா’ தெளிவாக வரும், ‘அப்பா’ வராது. எங்கள் மாதக் கூட்டத்துக்கு வரும் ஒரு தகப்பனார், “என் பொண்ணு என்னையும் அம்மான்னுதான் சார் கூப்பிடுது” என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “பாட்டிய மாண்ணிங்குது” என்று சேர்த்துக்கொண்டார். ப போன இடத்தில் ம, ட போன இடத்தில் ண. அந்தக் குழந்தை நாக்கையும் உதட்டையும் சரியான இடத்தில்தான் வைக்கிறது. மேலே கதவு மூடவில்லை, அவ்வளவுதான்.

சில பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். வாயில் அடைக்க முடியாத காற்றைத் தொண்டையிலேயே அடைத்துவிடும். அப்போது ‘பட்டு’ என்ற சொல் இரண்டு உயிரெழுத்துகளாகவும் அவற்றுக்கு நடுவே ஒரு விக்கலாகவும் கேட்கும். இந்தப் பழக்கம் படிந்துவிட்டால், பிறகு எவ்வளவு நேர்த்தியாக அறுவை செய்தாலும் தானாகப் போகாது. பேச்சுப் பயிற்சிதான் போக்க வேண்டும், அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். இவை எதையும் அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும் படங்கள் காட்டா. உதட்டுத் தழும்பு படத்தில் தெரியும். அண்ணம் தெரியாது. எங்கள் பிள்ளைகளில் பலர் படத்தில் அழகாக இருக்கிறார்கள், வகுப்பில் வாய் திறப்பதில்லை.

ஐந்து வயது வரை காத்திருந்து கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று எங்களிடம் சொல்லப்படுகிறது. நடந்திருக்கிறது. அண்ணத்தை ஆறாம் மாதத்தில் தைப்பதா, பன்னிரண்டாம் மாதத்தில் தைப்பதா என்பது மருத்துவர்களுக்குள் பல காலமாக நீடித்த வழக்கு. அதைத் தீர்க்க பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள், பிரேசில் ஆகியவற்றின் மையங்கள் சேர்ந்து, அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து வயது ஆகும் வரை காத்திருந்தார்கள். பிறகு பேச்சைப் பதிவு செய்து, எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று தெரியாத பேச்சு வல்லுநர்களைக் கேட்கச் செய்தார்கள். 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வெளிவந்தது. மூக்கு வழியைச் சரிவர மூட முடியாத குழந்தைகள் ஆறு மாதப் பிரிவில் 8.9 சதவீதம், பன்னிரண்டு மாதப் பிரிவில் 15 சதவீதம். பல வருஷச் சச்சரவு, கேட்டுப் பார்த்ததும் ஓரளவு தீர்ந்தது.

இந்த முடிவை வைத்துக்கொண்டு நாளை முதல் இங்கேயும் எல்லாருக்கும் ஆறாம் மாதம் என்று உத்தரவு போடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவை வேறு கோளாறு இல்லாத, அறுவையைத் தாங்கும் உடல்நிலையுள்ள குழந்தைகள். எங்கள் வீட்டுக் கதை வேறு. அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் உறிஞ்ச முடியாது. உறிஞ்ச வாய்க்குள் வெற்றிடம் வேண்டும், ஓட்டை இருக்கும்போது அது எங்கிருந்து வரும்? தாய்ப்பாலைக் கறந்து, பாலாடையிலோ சங்கிலோ எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி பால் மூக்கு வழியாக வரும், நடுவில் புரை ஏறும், ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதை முடித்து நிமிர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டில் ஆறாம் மாதம் குழந்தை என்ன எடை இருக்கும்? உதடு தைப்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின். அந்தப் பத்து பவுண்டுக்கே, அதாவது நாலரைக் கிலோவுக்கே, தவம் கிடந்த அம்மாக்கள் எங்களிடம் இருக்கிறார்கள். சின்ன மூச்சுக்குழாய்க்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும் பியர் ராபின் நிலையுள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே இங்கே எந்த வயது, எந்த எடை, எந்த மாதிரி மருத்துவமனை என்ற கேள்விகளோடு இங்கேயே ஆய்வு நடக்க வேண்டும். இரண்டு வயது, நான்கு வயது, பத்து வயது தாண்டி முதல் தடவை அறுவைக்கு வருகிறவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்கள் அரிது, அவர்களைப் பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பது தமிழில் இருக்க வேண்டும் என்பதிலும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆங்கிலச் சோதனை வாக்கியங்களை மொழிபெயர்த்துப் பிள்ளைகளைச் சொல்ல வைப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த வாக்கியங்கள் ஆங்கில ஒலிகளைச் சோதிக்கக் கட்டப்பட்டவை. பொருளை மொழிபெயர்த்தால் ஒலி போய்விடும். தமிழில் ‘பகல்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் க இளகி ஹ-வை ஒட்டிப் போகிறது. அங்கே கசிவு எளிதில் பிடிபடாது. ‘பக்கம்’ என்று சொல்ல வைத்தால் உடனே தெரிந்துவிடும். ‘மாமா நாளை வருவார்’ என்று சொல்லச் சொல்லி, பேச்சு நன்றாக இருக்கிறது என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ‘பாப்பா பட்டுப் பாவாடை கேட்டாள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். பதிவைக் கேட்பவர்களில் அறுவை செய்த குழுவைச் சேராத இரண்டு பேச்சு வல்லுநர்களாவது இருக்க வேண்டும். கூடவே குழந்தைக்குப் பழக்கமில்லாத, இத்துறையே தெரியாத ஒருவரும் இருக்க வேண்டும், ஒரு பால்வாடி டீச்சர், ஒரு கடைக்காரர். பிள்ளை வாழ்நாள் முழுவதும் அவர்களிடம்தான் பேசப்போகிறது.

குறைந்தபட்சம் இன்னொன்றும் சேர்க்கச் சொல்கிறோம்: காது. அண்ணத்தை இழுக்கும் தசைகளில் ஒன்றுதான் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாயையும் திறக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், குழந்தைக்குக் கேட்பது மங்கும். காதைச் சோதிக்காமல் பேச்சை மட்டும் அளந்தால் பழி அறுவையின் மீது விழும், அல்லது குழந்தையின் மீது.

முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலவச அறுவை இல்லையென்றால் எங்களில் பலருக்கு அறுவையே நடந்திருக்காது, அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் ஆண்டறிக்கையில் இத்தனை ஆயிரம் அறுவைகள் என்று போடும் எண்ணை ஆய்வு முடிவாகக் காட்டுவதை ஏற்க முடியாது. எத்தனை துணி தைத்தோம் என்று தையல்காரர் சொல்வது போன்றது அது, போட்டுப் பார்த்தவரைக் கேட்க வேண்டாமா? எண்ணிக்கைக்கு அப்பால் பார்த்தவர்களுக்குக் கசப்பான செய்திகளே கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் 201 மையங்களை விசாரித்தபோது ஒரே வகைப் பிளவுக்கு 194 விதமான சிகிச்சை முறைகள் இருந்தன. பிரிட்டனில் 57 இடங்களில் இந்த அறுவை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை நேரில் வரவழைத்துச் சோதித்த அரசுக் குழு 1998-இல் தந்த அறிக்கை, விளைவுகள் மோசம், மையங்களை 8 முதல் 15-க்குள் குறையுங்கள் என்றது. குறைத்தார்கள். பின்னால் சோதித்தபோது தாடை வளர்ச்சியும் பேச்சும் மேம்பட்டிருந்தன. தங்கள் குறையைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்ட அந்தத் துணிச்சல்தான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

மையங்களைக் குறைப்பது இங்கே அப்படியே பொருந்தும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அறுவைக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய்வரலாம். வாராவாரம் பேச்சுப் பயிற்சிக்குப் போவதென்றால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும், மூன்றாவது வாரம் நின்றுவிடுவார்கள். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பிளவு சிகிச்சைக் குழு திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பேச்சுப் பயிற்சியை ஊருக்கே கொண்டுபோன திட்டம் எங்களுக்கு உதாரணம். ஆய்வுப் பணம் போக வேண்டிய திசை அதுதான்.

காரணங்களைத் தேடும் ஆய்வுகளுக்கு எங்கள் ஆதரவு உண்டு, ஒரு நிபந்தனையோடு. தெலுங்கில் உதட்டுப் பிளவுக்குப் பெயரே கிரகணம் மொர்ரி. தமிழிலும் கிரகணத்தன்று வெளியே வந்தாய், அரிவாள்மனையைத் தொட்டாய் என்று தாயின் தலையில்தான் பழி விழுகிறது. கருவின் உதடு ஏறத்தாழ நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் சேர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில் தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. 2002-இல் கண்டறியப்பட்ட ஐ.ஆர்.எஃப். 6 மரபணு மாற்றம் சில குடும்பங்களில் கீழுதட்டுக் குழிகளோடு பிளவையும் உண்டாக்குகிறது. புகை ஆபத்தைக் கூட்டுகிறது. வலிப்புக்குத் தரும் டோபிரமேட் மருந்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதில் உள்ள பெண்ணுக்கு இந்த மாத்திரை எழுதும் மருத்துவர் அதைச் சொல்ல வேண்டும், கேட்டதும் பயந்து தானாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் எங்களிடம் வரும் கேள்வித்தாள்களில் முதல் பக்கமே ‘சொந்தத்தில் திருமணமா?’ என்று தொடங்குகிறது. அதைப் புறநோயாளிகள் வரிசையில், மாமியாரை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பதில் ஆய்வுக்குப் போகும், கேள்வி வீட்டுக்குப் போகும். இப்படிப்பட்ட கேள்விகளைத் தனியறையில் கேட்க வேண்டும், தகப்பனிடமும் கேட்க வேண்டும். ரத்தம், எச்சில் எடுத்தால் தெரிந்ததைக் குடும்பத்துக்குத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பிளவைத் தவிர மற்ற முகக் கோளாறுகளுக்கும் ஆய்வு வேண்டும். மண்டையோட்டு இணைப்புகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் குழந்தைகள், ஒருபக்க முகம் வளராத குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு மருத்துவமனை தனியாக ஆய்வு செய்தால் ஆள் சேராது, பல மாநில மையங்கள் சேர்ந்தே செய்ய வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சுக் குறைபாடு இருக்கிறது, முக வேறுபாடு இல்லை. இதனால் வேலையிலும் கல்யாணத்திலும் என்ன நடக்கிறது என்பதும் ஆராய வேண்டிய விஷயம். பிளவுள்ளவர்களிடமே கேட்டு உருவாக்கிய க்ளெஃப்ட்-க்யூ கேள்வித்தொகுப்பு ஒரு நல்ல முன்னுதாரணம், அதற்காகப் பேசியவர்களில் இந்தியர்களும் உண்டு.

புகைப்படம் பற்றி ஒரே வரி: ஆய்வுக்கு எடுத்த படம் நன்கொடைத் தட்டியில் வரக்கூடாது, பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை வேண்டாம் என்றால் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

இனி ஆய்வுக்கு ஆள் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் செயலாளர் முதலில் ஒரு தாளை நீட்டுவார். குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போது யார் போன் செய்வார்கள், அந்த நாள் பஸ் காசும் கூலியும் எந்தக் கணக்கிலிருந்து வரும், தமிழ்ப் பதிவை யார் யார் கேட்பார்கள், பேச்சு சரியில்லை என்று தெரிந்தால் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று அதில் இருக்கும். பெயர் போட்டு, கையெழுத்திட்டு, நிரப்பித் தராதவர்களுக்கு எங்கள் உறுப்பினர்களின் தொலைபேசி எண் ஒன்றுகூடத் தரப்பட மாட்டாது.