உயரக் கிளையை அறுக்க எந்தக் கம்பு ரம்பம்?

மா அறுவடை முடிந்து தோப்பு ஓய்ந்திருக்கும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், மூன்றாண்டுக்கு ஒரு முறை உட்கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும் என்பது விவசாயிகளுக்குப் புதிய செய்தியல்ல. ஒன்றன்மேல் ஒன்று படிந்த கிளை, காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை ஆகியவை போனால்தான் மரத்துக்குள் வெயிலும் காற்றும் புகும். தெரிந்திருந்தும் பலர் செய்வதில்லை. சோம்பல் அதற்குக் காரணமல்ல. மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏற ஒருவர் முன்வந்தாலும், அவர் தவறி விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம் தோட்டக்காரருக்கு இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் குறையைப் போக்கவே நீட்டி மடக்கும் கம்பு ரம்பங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் செருகியிருக்கும். நுனியில் பிறை போல் வளைந்த ரம்பம். தரையில் நின்றே கிளையை அறுக்கலாம். சிறு விவசாயி வாங்கத்தக்க நல்ல கருவிதான். ஆனால் வாங்குபவர் முதலில் கேட்பது, "எத்தனை அடி எட்டும்?" என்பதே. இருபது அடி, இருபத்தைந்து அடி என்று கடைக்காரர் நீட்டிக் காட்ட, பளபளக்கும் அலுமினியக் குழாய் கைமாறிவிடுகிறது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது. வாங்கப் போகும் முன் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, மேலே மின்கம்பி போகிறதா என்று தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். வயலுக்கு மேலே செல்லும் மின்கம்பிகளே பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவைதாம். சாலையல்லாத இடங்களில் 11,000 வோல்ட் வரையுள்ள உறையில்லாத கம்பிகள் தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுத்தன. 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளும் இதே அளவையே கூறின. 4.6 மீட்டர் என்பது சுமார் 15 அடி. நெஞ்சு உயரத்தில் பிடித்த 12 அடிக் கம்பின் நுனி 16 அடிக்குப் போகும். கணக்கு அவ்வளவுதான். கம்பி தொய்ந்திருந்தால் அந்த உயரமும் இல்லை. அதிலும் இலையடர்ந்த மரத்தினூடே போகும் கம்பி, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரத்தின் முன் காலில் ரப்பர் செருப்பு இருக்கிறது என்ற தைரியம் செல்லாது.

ஆகவே தோட்டத்திலோ வரப்போரத்திலோ மின்கம்பி இருந்தால் அலுமினியக் கம்பு வேண்டவே வேண்டாம். கண்ணாடி இழையாலான கம்பு கிடைக்கிறது. விலை கூடுதல், எடையும் சற்று அதிகம். இருந்தாலும் அதுவே தக்கது. சில கம்புகளில் ஒரு துண்டு மட்டும் கண்ணாடி இழையாகவும் மற்றது அலுமினியமாகவும் இருப்பதுண்டு. ஒவ்வொரு துண்டையும் இழுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். கண்ணாடி இழைக் கம்பும் ஈரமாகவோ அழுக்கேறியோ இருந்தால் பாதுகாப்பு தராது. நுனியிலுள்ள ரம்பமோ இரும்பு. கம்பு, ரம்பம், வெட்டுப்பட்டு விழும் கிளை, இவற்றுள் எதுவும் கம்பிக்குப் பத்தடிக்குள் வரக்கூடிய இடத்தில் வேலையைத் தொடவே கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகே அந்தக் கிளையை எடுக்க வேண்டும். அவர்கள் வர நான்கு நாளாகிறது என்றால் கிளை நான்கு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அலகு. கம்பு ரம்பம் இழுக்கும்போது அறுக்க வேண்டும். பற்கள் பிடிப்பவரை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தள்ளி அறுக்கும் ரம்பத்தை நீண்ட கம்பில் மாட்டினால் கம்புதான் வளையும். பச்சை மரத்துக்கு அங்குலத்துக்கு ஐந்து முதல் ஏழு பல் உள்ள சற்றுப் பெரும்பல் அலகு ஏற்றது. பொடிப்பல்லில் ஈரமான தூள் அடைத்துக்கொள்ளும். இந்தக் கருவி மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைக்கு உரியது. தொடைப் பருமன் கிளைக்கு வேறு ஆள், வேறு ஆயுதம், கயிறு எல்லாம் வேண்டும்.

கடையிலேயே கம்பை முழுதும் நீட்டி, இரு கையாலும் தூக்கி, ரம்பத்தை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திப் பார்ப்பது அவசியம். மடக்கி வைத்தபோது லேசாகத் தோன்றும் கம்பு, நீட்டியதும் தராசுக்கோலின் நுனியில் கல் கட்டியது போல் கனக்கும். உருண்டைக் குழாயில் அலகு பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். முட்டை வடிவக் குழாய் அப்படித் திரும்பாது. முறுக்கி இறுக்கும் பூட்டு மண்ணும் தூசியும் பட்டால் வழுக்கும். துளையில் பொத்தான் வந்து உட்காரும் பூட்டு மேல். முழுதும் நீட்டினால் 12 அடி வரும் கம்பு சிறு தோப்புக்குப் போதும். அதற்கு மேல் போனால் கழுத்து வலியும் கோணல் வெட்டுமே மிஞ்சும்.

அலகை மட்டும் வாங்கி, நன்கு முற்றிக் காய்ந்த கல் மூங்கிலில் இரண்டு போல்ட் போட்டு முடுக்கிக்கொள்வதும் உண்டு. செலவைப் பார்க்கும்போது சிறு விவசாயிக்கு இதுவே மெச்சத்தக்க வழி. கம்பி சுற்றிக் கட்டுவது மட்டும் ஆகாது. அலகு கழன்று தலையில் விழும். பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மேலே சொன்ன பத்தடி எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

வீட்டில் தொரட்டி இருக்கும்போது ரம்பம் எதற்கு என்று ஆடு வளர்ப்போர் கேட்பார்கள். அகத்திக் கொத்தையும் சவுண்டல் தழையையும் இழுக்கத் தொரட்டி போதும். விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையைக் கொக்கியில் மாட்டி முறித்தால் தாய்மரத்தின் பட்டையும் சேர்ந்து உரிந்து வரும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, மரம் தன் புண்ணை நம் உடம்பைப் போல் ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்து வைக்கிறது என்று 1970களில் விளக்கினார். கிளை புறப்படும் இடத்தில் மோதிரம் போல் தடித்திருக்கும் பகுதியே அந்தச் சுவரை எழுப்பும் இடம். தண்டோடு ஒட்ட வழித்து அறுத்தால் அது போய்விடும். சாண் நீளம் விட்டு அறுத்தால் மொட்டைக் கட்டை காய்ந்து உளுக்கும். மோதிரத்தை ஒட்டி, அதற்கு வெளியே அறுப்பதே முறை. அதற்கு முன் கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பாரத்தைக் குறைத்துக்கொண்டால் பட்டை கிழியாது.

அறுப்பவர் கிளைக்கு நேர் கீழே நிற்கலாகாது. கம்பைச் சாய்த்துப் பிடித்து விலகி நின்றாலும், அறுந்த கிளை சில சமயம் கம்பு வழியாகவே சறுக்கி வரும். தலைக்கவசம் அணிவது நல்லது. பெரிய வெட்டுவாயில் போர்டோ பசை பூச விரும்புவோர், ஒரு கிலோ மயில்துத்தத்தையும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே ஐந்து ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரும்பல்லாத பாத்திரத்தில் ஒன்றுசேர்த்து, மூங்கில் நுனியில் கட்டிய தூரிகையால் பூசலாம்.

இளம் தோப்பு வைத்திருப்போருக்கு இந்தச் செலவே வேண்டியதில்லை. பி.கே.எம். 1 முருங்கையை 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளுவது போல, மாங்கன்றையும் முதல் சில ஆண்டுகளில் கைக்கத்தரி கொண்டு படர்த்திவிட்டால் கை எட்டும் உயரத்தில் காய்க்கும்.

வேலை முடிந்ததும் அலகில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, உறையிலிட்டு வைக்க வேண்டும். உரமூட்டைக்குப் பக்கத்தில் சாத்தினால் துருப்பிடிக்கும். இப்போது வரும் அலகுகள் பலவற்றில் பல் நுனியைச் சூடேற்றிக் கடினப்படுத்தியிருப்பதால் அரம் பிடிக்காது. அலகை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, அது அதே கடையில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.