தாய் முயலுக்கு எந்தத் தழை?

கடலைப் பிண்ணாக்கின் விலை ஏறும்போதெல்லாம் முயல் வளர்ப்போரின் பார்வை வேலியோரம் நிற்கும் மரங்களின் பக்கம் திரும்புகிறது. இது வரவேற்கத் தக்கதே. தழை தின்று வாழும் பிராணிக்குப் புரதம் முழுவதையும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால், எந்தத் தழையில் புரதம் அதிகம் என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். இனப்பெருக்கத்திற்கென வைத்துள்ள முயல்களுக்கு இக்கேள்வி போதாது. அத்தழை சினைக்குக் கேடு செய்யாததா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

தாய் முயலின் தேவையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். குட்டி ஈன்ற மூன்றாவது வாரத்தில் பால் சுரப்பு உச்சத்தை அடைகிறது. அப்போது நல்ல தாய் முயல் நாளொன்றுக்கு 200 கிராம் வரை பால் தரும். பசும்பாலில் புரதம் 3 சதத்திற்குச் சற்று மேல். முயல் பாலிலோ 10 சதத்திற்கு மேல். ஆக, தினமும் 20 கிராமுக்குக் குறையாத புரதம் பாலாக வெளியேறுகிறது. தீவனம் இதை ஈடுசெய்யாவிடில் தாய் மெலியும், அடுத்த சினை பிடிப்பது தடைப்படும், குட்டிகளும் தேறா. எனவே பாலூட்டும் முயலின் தீவனத்தில், உலர் எடைக் கணக்கில், 17 முதல் 18 சதம் புரதம் இருப்பது நலம்.

கடலைப் பிண்ணாக்கில் 40 சதத்திற்கு மேல் புரதம் உண்டு. ஆனால் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். இந்நச்சுக்கு மிக எளிதில் பலியாகும் பிராணிகளில் முயலும் ஒன்று. பூசண வாடை வீசும் பிண்ணாக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குதல் கூடாது. ஐயமிருப்பின், நாமக்கல்லில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவன ஆய்வுக் கூடத்தில் மாதிரியைச் சோதித்துக் கொள்ளலாம்.

பிண்ணாக்கிற்கு மாற்றாகப் பலர் முதலில் நாடுவது சூபாபுல் எனப்படும் சவுண்டல் தழையை. உலர் எடையில் 20 சதத்திற்கு மேல் புரதம் கொண்டது, எளிதில் வளர்வது. ஆயினும் இதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உள்ளது. கொழுந்தில் இது மிகுதி. ஆடு மாடுகளின் முதல் இரைப்பையில் வாழும் சில நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துவிடுகின்றன. முயலுக்கு அத்தகைய இரைப்பை இல்லை. தொடர்ந்து தின்றால் ரோமம் உதிரும், இனவிருத்தியும் பாதிக்கப்படும். ஆட்டுக்கு நல்லது முயலுக்கும் நல்லது என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது. சினை முயல், பால் முயல், கிடா முயல் ஆகியவற்றிற்குச் சூபாபுல் வேண்டவே வேண்டாம். காசிபால் என்ற நச்சைக் கொண்ட பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையும் இவற்றிற்குத் தவிர்ப்பதே நன்று.

பின் எதை நம்புவது? வேலிமசால், குதிரைமசால், அகத்தி, மல்பெரி ஆகிய நான்கும் தக்கவை. இரண்டு மூன்றைக் கலந்து கொடுத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போர் தோட்டத்து மல்பெரித் தழை எளிதில் கிடைக்கும். மருந்து தெளித்த தழையாக இருத்தல் கூடாது. அறுத்த தழையைச் சில மணி நேரம் நிழலில் வாடவைத்துப் போடுவது நல்லது.

இத்தழை எவ்வளவு மிச்சம் தரும்? 300 கிராம் பசுந்தழையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 75 கிராம், உலர்பொருள் என்று கொள்ளலாம். அதில் 20 சதம் புரதமெனில் 15 கிராம் கிடைக்கும். இது சுமார் 35 கிராம் கடலைப் பிண்ணாக்கிற்கு ஈடு. பால் முயலின் ஒருநாள் புரதத் தேவை இதைப்போல் சுமார் மூன்று மடங்கு. ஆகவே தழையை மட்டும் போட்டுத் தாய் முயலைக் காப்பாற்ற இயலாது, அடர்தீவனமும் வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் ஒரு பகுதிக்குப் பதிலாக எள்ளுப் பிண்ணாக்கைச் சேர்த்தால், கடலையில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற புரதக்கூறும் கிடைக்கும்.

எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல், ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். சினையற்ற முயலுக்குப் பால் முயலுக்குரிய தீவனத்தை அள்ளிக் கொடுத்தால் கொழுப்பு வைத்துச் சினை பிடிக்காமற் போகும்.

பிண்ணாக்குச் செலவைக் குறைப்பது அவசியமே. ஆனால் அதன் பலனைத் தீவனக் கணக்கில் மட்டும் பார்த்தல் ஆகாது. எத்தனை முயல்கள் சினை பிடித்தன, எத்தனை குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கும் வரை பிழைத்தன என்பதைக் குறித்து வைப்போருக்கே, மிச்சம் பிடித்தது இலாபமா நட்டமா என்பது விளங்கும்.