சீக்கு நாயும் சீமை நாயும்

நேத்து சாயங்காலம் ஜெட்டியில ஒரு நண்பர் கேட்டார், "ஏன் சார், சீக்குன்னு தெரிஞ்சே இந்த நாயை எடுத்தீங்க?" அவர் கையில இருந்த செல்போன்ல, சென்னையிலேருந்து அவருக்கு வரப்போற லாப்ரடார் குட்டியோட போட்டோ! அங்கே சிரிச்சு மழுப்பிட்டேன். சொல்ல நினைச்சது இதுதான்.

எங்க கருப்பி லாங் ஐலண்ட் தெருவுலயே பொறந்தவ. அவளுக்கு உண்ணிக் காய்ச்சல், பேரு எர்லிச்சியா. எடுக்கும்போதே தெரியும். மூக்குல ரத்தம், ரத்தத்துல தட்டணுக்கள் கம்மி. 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை. குணமான மாதிரி இருக்கும். கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து வருஷம் கழிச்சும் தலைதூக்கலாம். ரத்தப் பரிசோதனைன்னா படகேறி எரட்டா, அங்கேருந்து பஸ்ல ரங்கத். கடல் கொந்தளிச்சா அதுவும் கிடையாது. எல்லாத்தையும் கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்.

லாப்ரடார்காரர் என்ன கணக்குப் போட்டார்? இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த இனத்துல பரம்பரையா வர்ற சமாச்சாரம். குட்டியோட முகத்துல எழுதியிருக்காது. என் நாய்க்கு நோய் தெரியும். அவர் நாய்க்கு என்னன்னே தெரியாது. இதுல யார் அசட்டுத் துணிச்சல்காரர்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தியாவுல வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகள்னு சொல்றது அந்தமான் நிக்கோபாரையும் லட்சத்தீவையும்தான். அந்த நோய்க்கிருமி உடம்புல மாசக்கணக்கா வெளியே தெரியாம இருக்கும். தடுப்பூசியோ வழக்கமா மூணு மாச வயசுலதான் போடறாங்க. ரெண்டு மாசக் குட்டியைக் கடல் தாண்டி வரவழைச்சா, அந்த ரிஸ்க் வாங்கினவரோட நிக்காது, தீவுக்கே சேர்த்துத்தான். கருப்பியோட சீக்கு ஆளைத் தொட்டாலே ஒட்டிக்காது. உண்ணியை ஒழிச்சா போதும். சுவர் இடுக்குல போய் முட்டை வைக்கும், அதையும் பார்த்து மருந்தடிக்கணும், அவ்வளவுதான்.

அதுக்காக "ஐயோ பாவம்"னு தூக்கிட்டு வந்து, முதல் மருந்துச் செலவுல திரும்பத் தெருவுல விடற புண்ணியவான்களுக்கும் நான் வக்காலத்து வாங்கலை. இந்தத் தீவுகள்ல அநாதையா திரியற நாய்ங்கதான் கடற்கரையில ஆமை முட்டையைத் தோண்டித் தின்னுது. முடியலைன்னா எடுக்காதீங்க. எடுத்தா கருத்தடை பண்ணுங்க, மருந்துக்குன்னு மாசாமாசம் தனியா காசு எடுத்து வைங்க, கடைசி வரைக்கும் வச்சிருங்க.

சீக்கு இல்லாத நாய்தான் வேணும்னா பொம்மைக்கடைக்குப் போங்க சாமி.

டிஸ்கி: இதை அடிக்கும்போது கருப்பி என் கால் மேல தலையை வச்சுத் தூங்கறா. மூக்குல ரத்தம் இல்லை. இன்னைக்கு இது போதும் :-)