வெண்ணெய்க்குப் பதில் மயோனைஸ் தடவலாமா?

உப்புமா என்றால் ஓடி ஒளிகிற பிள்ளைகூட, பிரட்டுக்குள் சீஸ் வைத்துத் தோசைக்கல்லில் போட்டு எடுத்துக் கொடுத்தால் இன்னொன்று கேட்கிறது. அமெரிக்காவில் இது வீட்டுக்கு வீடு செய்கிற பண்டம். 'கிரில்டு சீஸ்' என்பார்கள். பெயரில்தான் கிரில், செய்வது என்னவோ நம் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டை வாணலியில்தான். தக்காளி சூப்பில் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது அங்கே வழக்கம்.

நியூஜெர்ஸியில் குடித்தனம் பண்ணுகிற என் அக்கா பெண், போனில் பேசும்போது ஒரு புதுச் சேதி சொன்னாள். "சித்தி, நான் இப்பல்லாம் பிரட்டுக்கு வெளியிலே வெண்ணெய் தடவறதே இல்லை. மயோனைஸ்தான்!" "அது சாலட்டிலே போட்டுப் பிசையறதாச்சேடி, கல்லிலே போட்டால் என்னத்துக்கு ஆகும்?" என்றேன். "பண்ணிப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றுவிட்டாள்.

இது அவள் கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க்கில் 'ப்ரூன்' என்ற உணவகத்தை நடத்திய கேப்ரியல் ஹாமில்டன் என்ற பெண்மணி, 2014-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலும் இப்படித்தான் செய்கிறார்.

நானும் பண்ணிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. மூலைக்கு மூலை ஒரே சீராகப் பொன்னிறம். கடித்தால் மொறுமொறுப்பு. புளிப்பு வாடை வருமோ என்று பயந்தேன். சூட்டில் அது போய்விடுகிறது.

இதற்குக் காரணம் நமக்குத் தெரிந்த சங்கதிதான். வெண்ணெய் உருக்கி நெய் காய்ச்சும்போது அடியில் கசண்டு தங்குகிறதே, அதுதான் பாலின் திடப்பொருள். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பாலும் தண்ணீர், கூடவே கொஞ்சம் இந்தக் கசண்டு. கல் சற்று அதிகம் காய்ந்தால் முதலில் கருகுவது இதுதான். அதனால்தான் வெண்ணெய் தடவிய பிரட்டில் ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கரும்புள்ளியாகவும் நிற்கிறது. மயோனைஸ் என்பது எண்ணெயை முட்டை மஞ்சள் கருவோடும் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறோடும் அடித்துக் கலந்தது. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 65 சதவீதமாவது எண்ணெய் இருந்தால்தான் மயோனைஸ் என்றே பெயர் போட முடியும். எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கருகாது; முட்டையின் புரதம் நிதானமாகச் சிவக்கிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தடவவும் வருகிறது. கல் மாதிரி இறுகிய வெண்ணெயைத் தேய்த்துப் பிரட்டைக் கிழிக்க வேண்டாம்.

செய்யும் விதம் இதுதான். ஒரு பிரட் துண்டுக்கு ஒரு டீஸ்பூன் மயோனைஸ், அதற்கு மேல் வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் ஓரம் வரை மெல்லிசாகத் தடவுங்கள். உள்ளே சீஸைத் துருவிப் போடுங்கள். கட்டியாக வைத்தால் பிரட் சிவந்த பிறகும் சீஸ் உருகாமல் நிற்கும். கல்லைச் சிறு தீயில் காயவைத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம் போடுங்கள். முதல் பக்கம் வேகும்போது ஒரு மூடி போட்டால் சீஸ் சுகமாக உருகும். திருப்பிப் போட்ட பிறகு மூடாதீர்கள், ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் எதைத் தடவியும் பிரயோஜனம் இல்லை.

ருசி என்று கேட்டால், வெண்ணெயின் மணம் மயோனைஸில் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடித்து, "ஏதோ குறையுதே" என்றார். அந்த மணம் வேண்டுமென்றால் உள்பக்கம் துளி வெண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

"மயோனைஸ் தடவினால் உடம்பு போடாதாமே?" என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை அம்மா. ஒரு மேஜைக்கரண்டி வெண்ணெய் சுமார் 100 கலோரி. மயோனைஸும் ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் கொழுப்பின் வகையில். அந்த ஒரு கரண்டி வெண்ணெயில் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்றால், சோயா எண்ணெயில் செய்த மயோனைஸில் 2 கிராமுக்கு உள்ளேதான். கொலஸ்ட்ரால் இருக்கிறவர்களுக்கு இது ஒரு சௌகரியம்தான். ஆனால் உள்ளே இரண்டு துண்டு சீஸை வைத்துவிட்டு வெளியில் தடவுவதில் கணக்குப் பார்ப்பது, பாயசம் குடித்துவிட்டுக் காபியில் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி.

குழந்தை வைத்திருப்பவர்கள் இனிமேல் சொல்வதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டில் பச்சை முட்டையை மிக்ஸியில் அடித்து மயோனைஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது உள்ளே போனால் காய்ச்சல், வயிற்று வலி, பேதி, வாந்தி. பெரியவர்கள் தாங்கிவிடுவார்கள், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் வயதான மாமியாரும் தாங்க மாட்டார்கள். தெலுங்கானா அரசு 2024 அக்டோபரிலும், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலிலும் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டு தடை போட்டது இதனால்தான்.

"சூடான கல்லில் போடுகிறோமே, கிருமி செத்துவிடாதா?" என்று கேட்பீர்கள். பிரட்டின் மேல் தடவியது வெந்துவிடும், வாஸ்தவம். கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறதே, அது வேகவில்லையே! அதைத்தானே பிள்ளை விரலால் வழித்து நக்கும்? நம் ஊர் வெயிலில் மேடைமேல் இரண்டு மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகக் கேட்பானேன். ஆகவே கடையில் வாங்குவதானால் பாஸ்சரைஸ் செய்த முட்டையில் தயாரித்ததா என்று பார்த்து வாங்குங்கள். திறந்த பிறகு பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பிரட் துகள் ஒட்டிய கரண்டியை மறுபடி பாட்டிலுக்குள் விடாதீர்கள்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி போட்ட முட்டையில்லா மயோனைஸ் கிடைக்கிறது. அதை வாங்கும்போது லேபிளில் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். பலவற்றில் எண்ணெய் குறைவு. தண்ணீர், ஸ்டார்ச், சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். இது கல்லில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தண்ணீர் 'சொய்' என்று தெறிக்கும், சர்க்கரை சீக்கிரம் கருக்கும், சில சமயம் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, தீயை இன்னும் தணித்து வைத்தால் சமாளிக்கலாம்.

என்னைக் கேட்டால், முட்டை வேண்டாதவர்கள் இதற்காக ஒரு பாக்கெட் வாங்கவே வேண்டாம். நெய் இருக்கிறதே! கசண்டை வடிகட்டி எடுத்துவிட்டதால் வெண்ணெய் மாதிரிக் கருகாது. நம் ஊர்ச் சூட்டில் தளதளவென்று தடவவும் வரும். மணத்துக்குக் கேட்கவே வேண்டாம். நிறைவுற்ற கொழுப்பு மட்டும் வெண்ணெயைவிடச் சற்றுக் கூடுதல், அதனால் அரை டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை அக்கா பெண்ணிடம் சொன்னேன். "இங்கே குளிரிலே நெய்யும் உறைஞ்சு கிடக்கு சித்தி" என்கிறாள். அவள் ஊருக்கு மயோனைஸே சரி.

இன்னொன்று: பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வரும்போது இதைச் செய்து கொடுப்பதாக இருந்தால், அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. வெந்து சிவந்த பிரட்டைப் பார்த்து, அதில் முட்டை இருப்பதை யாராலும் சொல்ல முடியாது.