சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்

அடுத்த தடவை பழைய கார் கண்காட்சிக்குப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லோரும் பானட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் குனிந்து பின் சக்கரத்தைப் பாருங்கள். முகம் பார்க்கலாம் போல பாலிஷ், புது குரோமியம், புதுசாகத் தைத்த லெதர் சீட், நாலு சக்கரத்திலும் பளபளவென்று டிஸ்க் பிரேக். டயருக்கு அடியில் ஒரு செங்கல்.

ஏன் என்று கேட்டால் காருக்குச் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார். "டிஸ்க் மாத்தினப்ப ஹேண்ட் பிரேக் கேபிளை எங்க மாட்டறதுன்னு தெரியலை ஸார். கழட்டி வெச்சுட்டோம். அதான் கியர்ல விடறோமே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த "அதான்" மேல்தான். லட்சக்கணக்கில் செலவழித்து, "சேஃப்டிக்காக" டிஸ்க் மாட்டுகிறார்கள். அந்த சேஃப்டி வேலையில் முதலில் குப்பைக்குப் போவது ஹேண்ட் பிரேக்!

எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய அம்பாஸடர் போன்ற கார்களில் நாலு சக்கரத்திலும் டிரம். பின்பக்க டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள். காலால் மிதித்தால் ஆயில் அழுத்தம் அந்த ஷூக்களைத் தள்ளும். கையால் இழுத்தால் அதே ஷூக்களை ஒரு கேபிள் தள்ளும். வேலை ஒன்று, வழி இரண்டு. டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினால் ஷூவும் போச்சு. கேபிள் இழுப்பதற்கு ஒன்றுமில்லை. சாதாரண காலிபருக்கு ஆயில் மொழி மட்டும்தான் தெரியும்.

"போனால் போகட்டும், நிறுத்தும்போது இழுக்கிற சமாச்சாரம்தானே" என்கிறீர்களா? இங்கேதான் தகராறு. இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழியாகப் போகிறது. ஒன்று ஒழுகினாலும் இன்னொன்று பிடிக்கும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஒரே வழி. அமெரிக்காவே 1960-களின் கடைசியில்தான் இரட்டை வழியைக் கட்டாயமாக்கியது. ஒற்றை வழி காரில் எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் கிழிந்தால், பெடல் தரையைத் தொடும். கார் போய்க்கொண்டே இருக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவதில் இது நடந்தால் உங்களிடம் மிச்சமிருப்பது என்ன? கியரைக் குறைக்கலாம். அப்புறம்? ஆயிலைக் கொஞ்சமும் நம்பாத அந்தக் கேபிள்தான். அதைத்தான் கழற்றி ஷெல்ஃபில் வைத்திருக்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். ஆகவே எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். சிலர் ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் 'லைன் லாக்' என்று ஒரு வால்வு மாட்டிக்கொள்கிறார்கள். பிரேக்கை மிதித்து, வால்வைத் திருப்பினால் ஆயில் அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டு நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது கடன் வாங்கியவனே ஜாமீன் கையெழுத்தும் போட்ட கதை. ஆயில் ஒழுகிவிட்டால் உதவ வேண்டிய பிரேக், அதே ஆயிலை நம்பி இருக்கிறது. ஒழுகாவிட்டாலும் சூடான ஆயில் ஆறினால் சுருங்கும், அழுத்தம் குறையும். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கார் கிளம்பிவிடும்.

அப்புறம் இந்த "கியர்ல விடறோமே". கியரில் நிற்கும் காரைப் பிடித்துக்கொண்டிருப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று. ரிங் தேய்ந்த கிழட்டு எஞ்சினில் அந்தக் காற்று மெல்லக் கசியும். கார் அங்குலம் அங்குலமாக நகரும்.

இதைவிட மோசமான கூத்து பஞ்சரின்போது. பின் சக்கரத்தில் பஞ்சர். கியரில் போட்டுவிட்டு ஜாக்கி ஏற்றுகிறீர்கள். ஒரு பின் சக்கரம் அந்தரத்தில், இன்னொன்று தரையில். நடுவில் டிஃபரென்ஷியல். அதன் பிறவிக் குணமே இரண்டு சக்கரத்தையும் வேறு வேறாகச் சுற்ற விடுவதுதான். எஞ்சின் பக்கம் பூட்டியிருந்தாலும், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, தரையில் இருப்பது முன்னோக்கி உருளும். அதாவது, கியர் அப்படியே இருக்க, கார் ஜாக்கியிலிருந்து இறங்கும். பக்கத்தில் ஸ்டெப்னியோடு உட்கார்ந்திருப்பது நீங்கள், அல்லது உங்கள் டிரைவர். ஹேண்ட் பிரேக் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிப்பதால் இந்த வித்தை நடக்காது. (பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட் பிரேக் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அதிலும் இதே வில்லங்கம் உண்டு.)

கட்டை வைப்பதை நான் கேலி செய்யவில்லை. மலைப்பாதையில் லாரி நிற்குமுன்னே கட்டையோடு குதிக்கும் கிளீனர் பையன் விவரமானவன். ஆனால் அவன் லாரியில் ஹேண்ட் பிரேக்கும் இருக்கிறது.

சட்டமும் சொல்கிறது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-வது விதி, காருக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் வேண்டும் என்கிறது. காலால் மிதிப்பது ஒன்று, பார்க்கிங் பிரேக் ஒன்று. கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

சரி, பின்னால் டிஸ்க் எதற்கு? பிரேக் போட்டால் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. பெரும்பாலான வேலையை முன் சக்கரம்தான் செய்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் அதே பழைய டிரம் என்று விட்டால் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே வேண்டாம். 2020-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 மின்சாரக் காரிலேயே பின்னால் டிரம்தான். ஜெர்மன்காரன் கஞ்சத்தனத்தில் செய்தான் என்று வைத்துக்கொண்டாலும், கார் நிற்கிறது ஸார். நம்மவர்களுக்குப் பின் டிஸ்க் வேண்டியிருப்பது அலாய் வீல் இடுக்கில் தெரிவதற்கு!

அலங்காரம் கூடாது என்று சொல்ல நான் யார். ஆனால் வழி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1959-ல் வந்த ஜாகுவார் மார்க் 2-ல் நாலும் டிஸ்க். பின்பக்கம் ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாகக் கேபிளில் இயங்கும் குட்டி காலிபர். 1965 கார்வெட்டில் பின் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள்ளேயே ஒரு சின்ன டிரம் ஒளிந்திருக்கும். பின்னால் டிஸ்க் உள்ள இன்றைய கார்கள் பலவற்றில் காலிபருக்குள்ளேயே திருகு இருக்கிறது, கேபிளோ சின்ன மோட்டாரோ அதை முறுக்குகிறது. கேபிள் மாட்டும் லீவர் உள்ள காலிபரை வாங்குவது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. புதுப்பேட்டையில் தேடினால் பழசு, ஜி.பி. ரோட்டில் கேட்டால் புதுசு.

ஒரே ஒரு இடத்தில் புத்தி வேண்டும். உங்கள் பழைய ஹேண்ட் பிரேக் லீவர் டிரம்முக்கு அளவெடுத்தது. அது இழுக்கிற தூரமும் புதுக் காலிபர் கேட்கிற தூரமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் லீவர் கூரை வரை வரும், சக்கரம் அசையும். நல்ல மெக்கானிக் நடுவில் ஒரு இணைப்பு லீவரை வைத்துக் கணக்கை நேராக்குவார். "அதெல்லாம் தேவையில்லண்ணே" என்கிற தம்பியிடம் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். பிரேக் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, சரிவான இடத்தில் நிறுத்துங்கள். முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டம் கூடாது. டிரைவர் சீட்டில் ஒருவர் கால் தயாராக இருக்கட்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் மட்டும். அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். எதிலும் நம்பர் ஒன் என்று சொல்லிக்கொண்ட வேலை அப்போதுதான் பல்லைக் காட்டும். கார் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் பில்லில் பாதியை நிறுத்தி வையுங்கள்.